தமிழ், வரலாறு ஆய்வுக்குக் கைகொடுப்பது யார்? பணம் எதற்குப் போகிறது?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நெல்லைப் பக்கம் முழுநேர முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். இது இரண்டாவது வருடம். தாது வருஷப் பஞ்சத்தை (1876–78) வைத்துப் பாடிய சிந்து, கும்மி போன்ற குஜிலி நூல்கள்தான் என் தலைப்பு. எட்டுப் பக்கம், பதினாறு பக்கம் வரும் சின்னப் புத்தகங்கள். சந்தையில் பாடிக்காட்டி விற்றவை. பஞ்சத்தைப் பற்றிக் கலெக்டர்கள் எழுதியது அரசு ஆவணத்தில் கட்டுக் கட்டாக இருக்கிறது. கஞ்சித்தொட்டி வரிசையில் நின்றவர்கள் பக்கத்துக் குரல் வேண்டும் என்றால் இந்தப் பாட்டுகளைத்தான் புரட்டியாக வேண்டும்.

யு.ஜி.சி.யின் நெட் தேர்வில் உதவிப் பேராசிரியர் தகுதி வந்தது, ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கொஞ்சத்தில் தவறிவிட்டது. அதனால் மாத உதவித்தொகை எதுவும் இல்லை. சென்னைக்கு வந்து மூன்று நாள் நூலகத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டு மாதம் ட்யூஷன் எடுத்துச் சேர்த்தது தீர்ந்துவிடுகிறது.

போன வருடம் ஒரு நல்கைக்கு, அதாவது ஆய்வு மானியத்துக்கு, விண்ணப்பித்தேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். ஒரு தாளில் துறை முத்திரை விட்டுப்போயிருந்தது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரிசெய்து கொடுக்க ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. விண்ணப்பத்தோடு வைத்த ஆய்வு முன்வரைவை எழுத எனக்கு நான்கு மாதம் ஆனது.

தமிழ், வரலாறு, மெய்யியல் மாதிரித் துறைகளுக்கு உண்மையில் கைகொடுக்கிற அமைப்புகள் எவை? எங்களைப் போன்றவர்கள் எங்கே கதவைத் தட்ட வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


வைகை_வாத்தியார்

வாம்மா. தலைப்பே நன்றாக இருக்கிறது, விட்டுவிடாதே. முப்பது வருடம் கல்லூரியில் தமிழ் நடத்தியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஜே.ஆர்.எஃப்.ஐ மறுபடி எழுது. வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. 2023 தொடக்கத்தில் இருந்து மாதம் 37,000 ரூபாய், அப்புறம் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆகும்போது 42,000. இதற்குப் பக்கத்தில் வேறு எதுவும் வராது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாதவர்களுக்குத் தரும் தொகை மாதம் 8,000. பல வருடமாக அதே எட்டாயிரம்தான். மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது என்பதால் உன் நிலைமை புரிகிறது.

அடுத்தது டெல்லியில் இருக்கும் மத்திய அரசின் ஆய்வுக் கவுன்சில்கள். சமூக அறிவியலுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். 1969லும், வரலாற்றுக்கு ஐ.சி.எச்.ஆர். 1972லும் தொடங்கியவை. மெய்யியலுக்கு ஐ.சி.பி.ஆர். தனியாக இருக்கிறது. ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். முனைவர் பட்ட உதவித்தொகை மாதம் 20,000. ஐ.சி.எச்.ஆர். இளநிலை உதவித்தொகை தருவதோடு ஆய்வேட்டை நூலாக்கவும் மானியம் கொடுக்கிறது. உன் தலைப்பைத் தமிழ் இலக்கியம் என்று போடாமல் பஞ்சத்தின் வரலாறு என்று போட்டால் ஐ.சி.எச்.ஆர். வாசல் உனக்குத் திறந்ததுதான். பெங்களூரில் அவர்களுடைய தென்மண்டல மையம் இருக்கிறது, அங்கேயே கேட்கலாம்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் வகுப்பைச் சேர்ந்த முழுநேர ஆய்வாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. இதைப் படிக்கிற வேறு பிள்ளைகளுக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறேன். கேட்காமலே விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முன்வரைவைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்றால் பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் இருக்கிறது. 1993இல் தொடங்கிய அமைப்பு. இந்திய மொழி எதிலும் விண்ணப்பிக்கலாம். பாட்டு, அச்சு, நிகழ்த்துகலை எல்லாம் கலந்த உன் பொருளுக்கு அது பொருத்தம். மொழிபெயர்ப்பில் ஆர்வம் இருந்தால் நியூ இந்தியா ஃபவுண்டேஷன் மொழிபெயர்ப்பு உதவித்தொகையில் தமிழும் உண்டு.

செம்மொழி நிறுவனத்தை எல்லோரும் சொல்வார்கள். 2004இல் செம்மொழித் தகுதி வந்தது, 2008இல் நிறுவனம் சென்னைக்கு வந்தது, 2022இல் பெரும்பாக்கத்தில் 24 கோடியில் புதுக் கட்டடம். ஆனால் அவர்களுடைய எல்லை சங்க இலக்கியமும் அதை ஒட்டிய பழைய நூல்களும். உன் பஞ்சச் சிந்துக்கு அங்கே இடம் இல்லை. கட்டடம் பெரிதாக இருக்கிறதே என்று போய் நிற்க வேண்டாம்.


ஏடும்_எண்ணெயும்

பொருநை, நான் சுவடி அட்டவணை வேலை, அதாவது எந்த ஓலைச்சுவடியில் என்ன இருக்கிறது என்று படித்துப் பட்டியல் போடும் வேலை, பார்க்கிறவள். ஐயா சொன்னது எல்லாம் சரி. அவை ஆய்வாளருக்குப் பணம் தருகிற இடங்கள். நீங்கள் படிக்கப்போகிற புத்தகத்தை முதலில் யார் காப்பாற்றி வைத்தார்கள் என்பதையும் பேச வேண்டும்.

குஜிலி நூல் என்றால் உங்கள் முதல் வீடு தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா நூலகம். கோட்டையூரில் ஒரு மனிதர், பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர், வாழ்நாள் முழுக்கப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று சுமார் ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்தார். 1992இல் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் அந்தத் தொகுப்பை வாங்கியது. வாங்கி, அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை. சென்னையிலேயே நூலகமாக வைத்து, மைக்ரோஃபிலிம் எடுத்து, 1996இல் வாசகர்களுக்குத் திறந்தார்கள். வெளிநாட்டுப் பணம் தமிழுக்குச் செய்த வேலைகளில் இதைத்தான் நான் தலையாயது என்பேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் இருக்கிறது. 1955இல் இருந்து வேலை நடக்கிறது. அவர்களும் அதே ஊரில் இருக்கும் பிரெஞ்சுக் கீழ்த்திசை ஆய்வுப் பள்ளியும் சேர்த்து வைத்திருக்கும் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. அங்கே சுவடியை மட்டும் வைக்கவில்லை, சுவடி படிக்கத் தெரிந்த பண்டிதர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்தார்கள். தி.வே. கோபாலையரின் தேவாரப் பதிப்பு 1984இல் இருந்து தொகுதி தொகுதியாக வந்தது என்றால், அந்த மாதிரி ஒரு நாற்காலி இருந்ததால்தான்.

இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், என் கதை வேறு. வேறொரு நூலகத்தில் மூன்று வருடத் திட்டம் ஒன்றில் வேலை செய்தேன். ஓலையை ஸ்கேன் செய்வதற்குப் பணம் வந்திருந்தது. மென்தூரிகையால் தூசி தட்டி, எலுமிச்சைப் புல் தைலம் தடவி, எழுத்து மங்கியிருந்தால் விளக்குக்கரி பூசித் துடைத்து, ஒவ்வொரு ஏடாகக் கேமரா அடியில் வைப்போம். ஸ்கேன் வேலை ஓடிய வேகத்தில் படிக்கிற வேலை ஓடவில்லை. ஓடவும் முடியாது. பழைய ஏட்டில் மெய்க்குப் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும், ‘மரம்’ என்பதை ‘மாம்’ என்று படித்துவிட்டால் அந்த வரியே கெட்டது.

ஒரு கட்டு ஞாபகம் இருக்கிறது. முதல் ஏட்டில் கடுக்காய், சுக்கு என்று வந்ததைப் பார்த்து ஸ்கேன் செய்த பையன்கள் ‘வைத்தியம்’ என்று கோப்புக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நான் பொறுமையாகப் படித்துக்கொண்டு போனால் நாற்பதாவது ஏட்டில் வைத்தியம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்பு. வாய்க்கால் தண்ணீர் யாருக்கு எத்தனை நாழிகை என்று பெயர் பெயராக எழுதி, கைநாட்டு விவரம் எல்லாம் போட்டிருக்கிறது. அன்றைக்கு எனக்குச் சாப்பிடவே தோன்றவில்லை. நீர்ப்பாசன வரலாறு எழுதுகிற யாராவது அந்தக் கோப்பைத் தேடினால் ‘வைத்தியம்’ என்ற பெயரில் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

மூன்றாம் வருடம் முடிந்தது. ஸ்கேன் எண்ணிக்கை இலக்கைத் தாண்டிவிட்டது என்று அறிக்கை போனது. விளக்க அட்டவணை பாதியில் நின்றது. எங்களை அனுப்பிவிட்டார்கள். ஹார்ட் டிஸ்க்கில் படங்கள் இருக்கின்றன, அவற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஆள் அங்கே யாரும் இல்லை.


டெக்சஸ்_மருதன்

எல்லாவற்றையும் படித்தேன். சகோதரியின் வருத்தம் புரிகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு, அதாவது தமிழுக்கென்று ஒரு நிரந்தரப் பேராசிரியர் பதவிக்கு, கொடுத்தவர்களில் ஒருவன். பெரிய தொகை கிடையாது, வீட்டில் பேசி, பிள்ளைகள் உண்டியலையும் சேர்த்துக் கொடுத்தோம்.

அந்த இருக்கைக்கு 60 லட்சம் டாலர் தேவைப்பட்டது. இரண்டு மருத்துவர்கள் ஆளுக்கு 5 லட்சம் டாலர் போட்டுத் தொடங்கி வைத்தார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. 2018இல் தொகை நிறைந்தது. சங்க இலக்கியத்தை மொழிபெயர்த்த மார்த்தா ஆன் செல்பி முதல் பேராசிரியராக வந்தார். டொராண்டோவில் 30 லட்சம் கனடிய டாலர் சேர்த்து இன்னொரு இருக்கை.

இருக்கையின் அழகே போட்ட மூலதனத்தைத் தொடமாட்டார்கள் என்பதுதான். பணம் முதலீட்டில் இருக்கும், வருடத்துக்கு நாலு, ஐந்து சதவீதம் எடுத்துச் செலவு செய்வார்கள். நூறு வருடம் கழித்தும் அங்கே தமிழுக்கு ஒரு பேராசிரியர் இருப்பார். நீங்கள் சொல்கிற மூன்று வருடத் திட்டத்துக்கு நேர் எதிரானது இது. வெளிநாட்டில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்கள் என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது. லத்தீனும் சீனமும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் தமிழும் உட்கார வேண்டாமா?


ஏடும்_எண்ணெயும்

அண்ணா, உட்காரத்தான் வேண்டும். நீங்கள் கொடுத்ததை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். பிள்ளைகள் உண்டியல் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. மூலதனத்தைத் தொடாமல் வட்டியில் ஒரு பேராசிரியரை நூறு வருடம் வைக்க முடியும் என்று அங்கே தெரிகிறது. அதே ஏற்பாட்டில் இங்கே ஒரு சுவடி அட்டவணையாளரை, ஒரு நூலகரை வைக்கலாம் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை? ஹார்வர்டில் இருக்கிற பேராசிரியரின் மாணவர் ஆய்வுக்கு எங்கே வருவார்? தரமணிக்கும் புதுச்சேரிக்கும் பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்துக்கும் தஞ்சை சரசுவதி மகாலுக்கும்தானே? அந்த மேசைக்கு இந்தப் பக்கம் யாருமே இல்லை என்றால் அவர் யாரிடம் கேட்பார்?


வைகை_வாத்தியார்

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் மதுரை ஞாபகம் வந்துவிட்டது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கத்தை வைத்தார். சங்கம் என்ற பெயரோடு நிறுத்தவில்லை. பாடசாலை, நூலகம், அச்சகம், அடுத்த வருடமே ‘செந்தமிழ்’ இதழ். அந்த இதழில் வந்த பதிப்புகளையும் கட்டுரைகளையும் இன்றைக்கும் எடுத்து மேற்கோள் காட்டுகிறோம். சிங்காரவேலு முதலியார் தனி ஆளாக ஒரு கலைக்களஞ்சியத்தை எழுதி வைத்துக்கொண்டு பதிப்பிக்க ஆள் இல்லாமல் நின்றபோது தூக்கிவிட்டவரும் அவர்தான். 1910இல் ‘அபிதான சிந்தாமணி’ வெளிவந்தது. ஒரு ஜமீன்தாருக்கு எது தேவை என்று தெரிந்திருந்தது: அறிஞருக்குச் சோறு, அச்சுக்குக் காகிதம், அவசரப்படுத்தாத காலம்.

சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம், ஒரு லட்சம் ரூபாய் என்று 1913இல் கையில் எடுத்த வேலை. ஆறு தொகுதிகள் முடிய 1936 ஆகிவிட்டது, செலவு நான்கு லட்சத்தைத் தாண்டியது. வையாபுரிப் பிள்ளை பொறுப்பில் இருந்த பத்து வருடத்தில்தான் அது கரை சேர்ந்தது. மூன்றாம் வருடத்தில் ‘இலக்கு எட்டவில்லை’ என்று மூடியிருந்தால் இன்று நமக்கு லெக்சிகன் ஏது? இந்தத் துறையில் வேலை இப்படித்தான் இழுக்கும். இழுப்பது சோம்பேறித்தனத்தால் அல்ல. ஒரு சொல்லுக்குப் பொருள் தேடி ஒரு மாதம் போனால் போனதுதான்.


எல்பக்கரை

ஹாம்பர்க்கில் ஆய்வு உதவியாளராக இருக்கிறேன். ஐயா சொன்ன அந்தக் ‘காலம்’ என்பதை ஜெர்மனி தனியாகவே சட்டம் போட்ட மாதிரி வைத்திருக்கிறது. அறிவியல் கழகங்களின் திட்டம் என்று ஒன்று உண்டு. மத்திய அரசும் மாநிலங்களும் பாதிப் பாதி போடுகின்றன. அகராதி, பதிப்பு, கல்வெட்டுத் தொகுப்பு மாதிரி வேலைகளுக்குப் பன்னிரண்டு முதல் இருபத்தைந்து வருடம்வரை பணம். பழந்தமிழ் இலக்கியத் தொகுப்பும் அகராதியும் அந்தத் திட்டத்தின்கீழ் ‘தமிழெக்ஸ்’ என்ற பெயரில் இங்கே 2023இல் தொடங்கியது. இருபது வருடத்துக்கும் மேல் நடக்கப்போகிறது.

இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது பக்கத்து அறையில் இருந்த ஒருவர் தன் வேலைத் திட்டத்தைக் காட்டினார். அதில் 2030களுக்கு என்ன செய்வது என்று எழுதியிருந்தது. ஊரில் நான் எழுதிய எந்த முன்வரைவிலும் அடுத்த மார்ச்சுக்கு மேல் ஒரு வரி எழுதியதில்லை.

அதற்கு முன்னால், 2014இல் இருந்து ஐந்து வருடம் ஐரோப்பிய ஆய்வுக் கவுன்சில் பணத்தில் ஏவா வில்டன் தலைமையில் ‘நெட்தமிழ்’ நடந்தது. ஹாம்பர்க்கும் புதுச்சேரியும் சேர்ந்து செய்தன. அந்தத் திட்டத்தில் புதுச்சேரிப் பண்டிதர்கள் இல்லாமல் ஒரு பக்கம்கூட நகர்ந்திருக்காது. அதனால் அக்கா சொல்வதை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன்.


வடமராட்சி

நானும் ஒன்று சொல்லலாமோ? யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன்.

எங்கட பொதுநூலகம் 1981 ஜூன் முதலாம் திகதி எரிந்தது. 97,000 அளவில் புத்தகங்களும் ஏடுகளும் சாம்பல். அதைப் பார்த்த சனம் இன்னும் இருக்கினம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் 2005இல் ‘நூலகம்’ தளத்தைத் தொடங்கினார்கள். அரசும் தொடங்கவில்லை, பல்கலைக்கழகமும் தொடங்கவில்லை. தன்னார்வலர்கள். ஊர்க் கோயில் மலர், பள்ளிக்கூட ஆண்டிதழ், சின்னப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம், நினைவு மலர் என்று ஒன்றும் விடாமல் எடுத்தார்கள். கல்வெட்டு என்று நாங்கள் சொல்வது செத்த வீட்டில் அச்சடிக்கிற நினைவு மலரை. அதில் குடும்ப மரம், ஊர் வரலாறு, தொழில், இடப்பெயர்வு எல்லாம் கிடக்கும். அதை வைத்து வரலாறு எழுதலாம் என்று எந்த நல்கைக் குழுவும் முன்னம் நினைத்திராது.

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் ‘அழிநிலை ஆவணக் காப்பகத் திட்டம்’ பற்றி இங்கே ஒருவரும் சொல்லவில்லை. ஆர்கேடியா அறக்கட்டளையின் பணத்தில் 2004இல் இருந்து நடக்கிறது. அதில் எனக்குப் பிடித்த விதி, மூலம் பிறந்த நாட்டை விட்டுப் போகக்கூடாது, நகல் மட்டும்தான் லண்டனுக்கு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஊர்ப் பஞ்சாயத்து ஆவணங்களையும் பழைய ஸ்டூடியோப் படங்களையும் அந்தத் திட்டத்தில்தான் எடுத்தது. ரோஜா முத்தையா நூலகமும் அதில் செய்திருக்கிறது.

ஆனால் 2023 ஒக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது அந்தத் தளமும் சேர்ந்து விழுந்து, கனகாலம் எழும்பவில்லை. அந்த நேரம் உள்ளூரில் நகல் வைத்திருந்தவர்களுக்குத்தான் வேலை நிற்கவில்லை. எரிந்த ஊரில் இருந்து சொல்கிறேன், ஒரு இடத்தில் மட்டும் இருப்பது இருப்பதாகவே கணக்கில்லை.


கணக்குப்பிள்ளை

நான் கோவையில் ஒரு தொழிற்சாலையில் சி.எஸ்.ஆர். நிதியை, அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணத்தை, பார்க்கிறேன். பணம் கொடுக்கிற பக்கத்தில் இருந்து சொன்னால் உதவியாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பண்பாட்டுப் பாதுகாப்பும் பொது நூலகமும் இருக்கின்றன. ஆக, சுவடிக்கும் நூலகத்துக்கும் கொடுக்கச் சட்டம் தடையில்லை. வராததற்குக் காரணம் வேறு. மார்ச் 31க்குள் செலவு ஆகியிருக்க வேண்டும். இயக்குநர் குழுவுக்கு ஒரு எண்ணிக்கை, ஒரு படம் காட்ட வேண்டும். ‘இத்தனை பள்ளிக்குக் கழிப்பறை’ என்றால் ஐந்து நிமிடத்தில் கையெழுத்து. ‘ஒருவர் உட்கார்ந்து ஏடு படிப்பார்’ என்று போய்ச் சொன்னேன். ‘படித்து?’ என்றார்கள். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த தடவை அந்த வாய்க்கால் தீர்ப்பைச் சொல்வேன். எங்கள் இயக்குநர் விவசாயக் குடும்பம், அவருக்குப் புரியும்.

நூலகங்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. ‘டிஜிட்டல்மயமாக்கல்’ என்று மொத்தமாகக் கேட்காமல், ‘ஒரு அட்டவணையாளருக்கு ஒரு வருடச் சம்பளம்’ என்று தனியாக எழுதிக் கேளுங்கள். மூன்று வருடம்வரை நீளும் தொடர் திட்டமாகவும் போட வழி உண்டு. நிறையப் பேர் அதைக் கேட்பதே இல்லை.

மருதன் அண்ணாவுக்கு: இந்தியக் குடியுரிமையோடு அங்கே இருப்பவர் தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால் வரும். அப்போது வாங்குகிற நூலகத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளைக்குத்தான் முதலில் வர முடியும், ஒரு அமைப்பு வாங்கி இன்னொன்றுக்குக் கைமாற்றவும் முடியாது. அதனால் யாருக்குக் கொடுக்க வேண்டுமோ அவர்களுக்குப் பதிவு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.


டெக்சஸ்_மருதன்

நல்ல தகவல். நான் இன்னும் பச்சை அட்டையில்தான் இருக்கிறேன், கடவுச்சீட்டு இந்தியாவுடையது. இத்தனை வருடமாக எனக்கு இது தெரியாது.

இரண்டு நாளாக யோசித்தேன். இங்கே அமெரிக்காவில் மொழி, வரலாறு மாதிரிக் கலைப்புல ஆய்வுக்கு அரசு வைத்திருக்கிற தேசிய நிதியம் 1965இல் இருந்து இருக்கிறது. அறுபது வருட நிறுவனம். 2025 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நல்கைகளை நடுவிலேயே ரத்து செய்துவிட்டார்கள். என் நண்பர் ஒருவர் பல்கலைக்கழகத்தில் வாய்மொழி வரலாறு செய்துகொண்டிருந்தார், பேட்டி கொடுக்க ஒத்துக்கொண்ட கிழவர்களுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொன்னார். அதைப் பார்த்த பிறகு, யாரும் நிறுத்த முடியாத வைப்புநிதி என்பதில் எனக்கு நம்பிக்கை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஆனால் அது பேராசிரியருக்கு மட்டும்தான் என்று நான் ஏன் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

எங்கள் ஊர்ச் சங்கத்தில் பொங்கல் விழாவுக்கு நாற்பது குடும்பம் வரும். கடவுச்சீட்டு மாற்றாதவர்கள் பாதிப் பேர் தேறுவார்கள். ஒரு அட்டவணையாளர் வேலைக்கு மாதம் எவ்வளவு ஆகும், அவர் வருடத்தில் எத்தனை கட்டு பார்ப்பார், சொல்ல முடியுமா சகோதரி? கூட்டத்தில் நான் பேசுகிறேன்.


ஏடும்_எண்ணெயும்

சொல்கிறேன் அண்ணா, தனிமடலில் விவரமாக எழுதுகிறேன். கட்டுக் கணக்கு மட்டும் கேட்காதீர்கள். ஒரு கட்டு இரண்டு நாளில் முடியும், இன்னொன்று இரண்டு மாதம் எடுக்கும்.


பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. ஐ.சி.எச்.ஆர்.க்கு எழுத ஆரம்பித்துவிட்டேன். இந்த முறை எல்லாத் தாளிலும் முத்திரை வாங்கியாகிவிட்டது. பெங்களூர் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸுக்குத் தமிழில் ஒரு முன்வரைவு, வாத்தியார் ஐயா பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போது ஒரு சந்தேகம், ஏடு அக்காவுக்கு. ஒரு நூலகத்தின் மின்பட்டியலில் பஞ்சக்கும்மி ஒன்று 1936 என்று போட்டிருந்தது. என் காலத்துக்கு அறுபது வருடம் தள்ளி என்பதால் ஒதுக்கி வைத்திருந்தேன். நேற்று படத்தைத் திறந்து பார்த்தால் முகப்பில் ‘தாது வருஷம்’ என்று மட்டும் இருக்கிறது, ஆங்கில வருடமே இல்லை. பட்டியல் போட்டவர் 1936இன் தாதுவை எடுத்துக்கொண்டாரா? எப்படி உறுதி செய்வது?


ஏடும்_எண்ணெயும்

நல்ல கண் உங்களுக்கு. தாது 1876லும் வரும், 1936லும் வரும். முகப்பை விட்டுவிட்டுக் கடைசி அட்டையைப் பாருங்கள். குஜிலிக் கடைக்காரர்கள் அங்கே தங்களிடம் கிடைக்கும் மற்றப் புத்தகங்களின் பட்டியலைப் போடுவார்கள். அதில் டாக்கிப் பாட்டு, சினிமாப் பாட்டு என்று ஏதாவது இருந்தால் 1936தான். தமிழ்ப் பேசும்படமே 1931இல்தான் வந்தது. மின்சாரம், மோட்டார், காந்தி என்று ஒரு சொல் இருந்தாலும் போதும்.


பொருநைக்கரை

பார்த்தேன் அக்கா! கடைசி அட்டை பாதி கிழிந்திருக்கிறது. மீதியில் ‘அல்லி அரசாணி மாலை’, ‘நல்லதங்காள் கதை’, இன்னும் இரண்டு அம்மானை. சினிமா எதுவும் இல்லை. கீழே அச்சுக்கூடத்தின் பெயரும் தெருவும் இருக்கிறது. விலை அரையணா.


ஏடும்_எண்ணெயும்

அந்த மாலையும் கதையும் இரண்டு காலத்திலும் விற்றவை, அதை வைத்து முடிவு செய்ய முடியாது. அச்சுக்கூடத்தின் பெயர்தான் பிடி. 1867இல் வந்த அச்சகம், புத்தகப் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு அச்சிட்டவர் பெயரும் ஊரும் போட வேண்டியிருந்தது, புத்தகத்தைப் பதிவும் செய்ய வேண்டியிருந்தது. பதிவானவற்றின் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒரு முறை செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழோடு சேர்த்து வெளியிட்டார்கள். தலைப்பு, அச்சுக்கூடம், பக்கம், விலை, எத்தனை பிரதி என்று வரும். எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1876 கடைசிக் காலாண்டில் தொடங்கி 1877 முழுவதையும் கேட்டுப் பாருங்கள். அரையணா, பக்க எண்ணிக்கை, அச்சுக்கூடம் மூன்றும் பொருந்தினால் அது உங்கள் புத்தகம். ஆனால் சின்னக் கடைக்காரர்கள் எல்லாவற்றையும் பதிவு செய்யவில்லை. கிடைக்காவிட்டால் அதே அச்சுக்கூடத்தின் வேறு புத்தகங்களில் ஆங்கில வருடம் இருக்கிறதா என்று தேடலாம், அதை நான் பார்க்கிறேன்.

அடையாள அட்டை, நெறியாளர் கடிதம் எடுத்துக்கொண்டு போங்கள். குறிப்பெடுக்கப் பென்சில்.


பொருநைக்கரை

வியாழன் இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன் அக்கா. வெள்ளி காலை பத்து மணிக்கு எழும்பூரில் இருப்பேன். அரசிதழில் கிடைத்தால் அந்த வரியைப் படமெடுத்து இங்கே போடுகிறேன்.


ஏடும்_எண்ணெயும்

போடுங்கள். அந்த நூலகத்தின் பதிவு எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். பட்டியலில் 1936ஐத் திருத்தச் சொல்லி அவர்களுக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதுவோம்.